தறிப் பலகையின் வலப்பக்கம்

காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டையும் கோர்த்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். அறுபதுகளில் எங்கள் வீட்டில் அவர் உடலுக்குக் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எறிவார். பலகையில் அவருக்கு வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து நான் கரைக்கு எறிவேன். கல்யாணமான மறுமாதத்திலிருந்து ஆறு வருஷம் அப்படித்தான். நான் வாய் ஓயாமல் பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டே நெய்வார். இழை தப்பினால் மட்டும் பழி என் வாய்மேல்.

இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாவது முறை, தறிக்குழியில் உட்காரவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லிவிட்டார்கள். கூலிக்கு ஆள் வைக்க எங்களுக்கு வக்கில்லை. பழைய சைக்கிள் சீட்டின் ஸ்பிரிங், கயிறு, நாலு கட்டை, இவற்றோடு அவர் இரண்டு வாரம் மல்லுக்கட்டினார். ஒருநாள் காலால் மிதித்ததும் கரை நாடா தானாகப் போய்த் திரும்பியது. நான் அழுதேவிட்டேன். குழந்தை தங்கியது.

சேதி பரவி, எங்களுக்கு நெய்யப் பாவு நூல் தந்த முதலாளி தன் தறிகளுக்கெல்லாம் அதை மாட்டித் தரச் சொல்லி ஆள் அனுப்பினார். அந்தத் தறிகளில் கூலிக்குக் கரை போட்டவர்கள் பெரும்பாலும் புருஷனை இழந்த பெண்கள். இவர் பிள்ளையார்பாளையம் முழுக்க அலைந்து பிழைக்க வேறு வழி உண்டா என்று அவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு வந்து, முடியாது என்று சொல்லி அனுப்பினார். முதலாளி பாவு தருவதை நிறுத்தினார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நான் பிடிபிடியென்று பிடித்தேன்.

"நீ நல்லா இருக்கணும்னு செஞ்சதும்மா இது. இதை வெச்சிக்கினு அவங்க வயித்துல அடிக்க மாட்டேன்."

பிள்ளைத்தாய்ச்சிகள் கரை போட்ட வீடுகளிலும், படிக்க அனுப்பாமல் பிள்ளைகளை உட்கார வைத்த வீடுகளிலும் மட்டும் சும்மாவே மாட்டிக் கொடுத்தார்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, வேறிடத்தில் பாவு வாங்கி நெய்துகொண்டிருந்தவர் ஒருநாள் தறியிலிருந்து கூப்பிட்டார்.

"கயிறு அறுந்துபோச்சும்மா. கொஞ்ச நேரம் வந்து உக்காரு."

உலை கொதித்துக்கொண்டிருந்தது. முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அடுப்படியிலிருந்தே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தறிச் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் கூப்பிடவே இல்லை.

அவர் போன பிறகு தறியைப் பிரித்தபோது அந்தக் கயிற்றை முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன். முதன்முதலில் கட்டிய அதே கயிறுதான்; அறுந்து முடிச்சுப் போட்ட அடையாளம் எங்கும் இல்லை. அந்த வலப்பக்கத்துக்கு இன்றும் ஏங்குகிறேன். அன்றைக்குச் சோறு குழைந்துதான் போயிருக்கட்டுமே.