கண்ணாடியின் மூலையில் எசென்

ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் ஆம்புலன்ஸ் ஓட்டும் கெங்கேஷ் பத்தொன்பது வருடத்தில் ஒரு நோயாளியைக்கூட வழியில் தொலைத்ததில்லை. ட்ரோன் விஷயம் வேறு. நான்கு வருடத்தில் பதினொன்று. ஒன்று ஏரிக்குள் போனது. ஒன்றைக் கழுகு தூக்கிப்போனதாகச் சொல்கிறார், கழுகு இதுவரை மறுக்கவில்லை. மீதியை மேற்குக் காற்று வாங்கிக்கொண்டது.

பன்னிரண்டாவதைச் சமையலறை மேஜையில் பரப்பி ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பொரித்த போர்சோக் பலகாரத் தட்டை வைக்க இடமில்லாமல் கையில் பிடித்தபடி நின்ற மனைவி ஜிபார் தீர்ப்பு சொன்னாள்.

"இதுதான் கடைசி. இதுவும் வீடு திரும்பலன்னா எல்லாத்தையும் குப்பையில போட்டுடுவேன். அப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா எங்கம்மா வீடுதான்."

"எல்லா ஞாயிறுமா?"

"எல்லா ஞாயிறும்."

இதைவிடக் கடுமையான தண்டனை எங்கள் நாட்டுச் சட்டத்தில் கிடையாது.

பதினொன்றுக்கும் பழி சுமக்க ஓர் ஆள் வேண்டும். கெங்கேஷ் தன் பழைய லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தார். பறக்கவிடும் திடலில் ட்ரோனை அதில் மாட்டித்தான் எவ்வளவு வேகமாகத் திரும்புவது, சிக்னல் அறுந்தால் எங்கே போய் இறங்குவது என்றெல்லாம் சொல்லிவைக்க வேண்டும். குளிரில் அது பாதியில் உயிரை விடும். வெயிலிலோ, திரையில் கெங்கேஷின் முகம் மட்டுமே தெரியும்.

திடலுக்கு வரும் கூட்டத்தில் மூத்தவரான தோக்தோசுன் ஆலோசனை சொன்னார்: "பெருசா வாங்காதே, முதுகுல சுமக்கணும். சின்னதா வாங்காதே, கையுறையோட தட்டணும்."

தலைநகர் பிஷ்கேக்கின் பழைய சாமான் சந்தையில் கடைக்காரன் கென்னாதி மூன்று லேப்டாப்பை எடுத்து வைத்தான். முதலாவது அழகி, ஆனால் ஒயர் சொருக ஒரே ஓட்டை. இரண்டாவது பேட்டரியைத் தண்ணீராய்க் குடித்தது. மூன்றாவது தடியன்: நான்கு முனையிலும் ரப்பர், பளபளக்காத திரை, இரண்டு பேட்டரி. கெங்கேஷ் அதை அரை மணி நேரம் வாசல் பனியில் கிடத்திவிட்டு உள்ளே டீ குடித்தார். திரும்பிவந்து தட்டினார், உடனே விழித்தது.

"யாரோடதுப்பா?"

"உங்க ஊர்ப் பக்கத்து ஆளோடதுதான்ணே. வீட்டுக்காரங்க எதையும் அழிக்காம வித்துட்டாங்க. ட்ரோன் சமாச்சாரமெல்லாம் உள்ளயே இருக்கு. உங்களுக்கு வேலை மிச்சம்."

வேலை மிச்சம் என்றால் மயங்காத மனிதர் யார்? உள்ளே இருந்த அமைப்புக் கோப்பை அப்படியே தன் ட்ரோனில் ஏற்றினார். ஒரு வரி படிக்கவில்லை. வங்கிப் படிவத்தில் நாமெல்லாம் படித்துவிட்டா கையெழுத்துப் போடுகிறோம்?

ஞாயிறு காலை. புதுப் பனி முழங்கால்வரை கிடந்தது. ட்ரோன் பார்ப்பதைக் கண்முன் காட்டும் கண்ணாடியை மாட்டியதும் படத்தின் கீழ் மூலையில் ஒரு சொல் தெரிந்தது: எசென். எங்கள் பேச்சில் நலம், சுகம் என்று பொருள். கெங்கேஷுக்கு உச்சி குளிர்ந்தது.

ட்ரோன் அன்று பறந்ததுபோல் அவர் கையில் எதுவும் பறந்ததில்லை. அவர் நினைப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அது திரும்பியது. பிறகு காற்று வந்தது, படம் அறுந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால், ட்ரோன் அவரை நோக்கி வரவில்லை. திடலோரத்து மேட்டுக்கு அந்தப் பக்கம் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது, வழி தெரிந்தாற்போல.

மாமியாரை நினைத்துக்கொண்டு ஓடினார்.

மேட்டுக்குப் பின்னால் அது கீறலில்லாமல் உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி வண்டிச்சக்கரம் அளவுக்குப் பனி மிதிபட்டு இறுகியிருந்தது. அந்த வட்டத்துக்கு வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. அவருடையது மட்டும்தான்.

"வந்துடுச்சுண்ணே!" குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு திரும்பினார். "எசென்னு போட்டப்பவே நெனச்சேன்."

டீ ஊற்றிக்கொண்டிருந்த தோக்தோசுனின் கை நின்றது. "என்ன போட்டுச்சு?"

"எசென். நலம்னு."

"நலம் இல்லடா, பேரு. நீ வர்றதுக்கு முந்தி இங்க எசென்னு ஒருத்தன் பறக்க விடுவான். ஒருநாள் சிக்னல் போச்சு, தேடிக்கிட்டு அந்த மேட்டுப் பக்கம் போனான்."

"கெடச்சுதா?"

"ட்ரோன் கெடச்சுது."

எந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்வது என்பது ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குத் தெரியும். கெங்கேஷ் டீயைக் குடித்தார்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் இருந்த அந்த அமைப்புக் கோப்பை முதல்முறையாகப் படித்தார். கடைசி வரியில் இருந்தது: சிக்னல் அறுந்தால் இறங்க வேண்டிய இடம், மேட்டுக்குப் பின்புறம். பிறகு ட்ரோனே பிடித்துவைத்திருந்த படத்தை ஜிபாருடன் பார்த்தார். தரை நெருங்கி வந்தது. ஓரத்தில் ஒரு ஜோடி கம்பளி பூட்ஸ். ட்ரோன் இறங்க இறங்க, அவை இடம்விட்டு ஓரடி பின்வாங்கின.

"யாருங்க அது?"

"தோக்தோசுன் அண்ணன்."

"அவரு ரப்பர் பூட்ஸுல்ல போடுவாரு?"

கெங்கேஷ் அந்தக் கடைசி வரியில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தார். அழித்தால் ட்ரோன் இனி அவர் நிற்கும் இடத்துக்கே வரும். முந்தைய பதினொன்றும் அங்கேதான் வந்திருக்க வேண்டும், ஒன்றுகூட வரவில்லை.

"இன்னிக்கி இது வீடு வந்துச்சா இல்லையா?" என்றாள் ஜிபார்.

"வந்துச்சு."

"அப்ப கைய வைக்காதீங்க."

வைக்கவில்லை. ஒரு வருடமாக ட்ரோன் தொலையவில்லை, மாமியார் வீட்டுக்கும் போகவில்லை. இப்போதெல்லாம் கெங்கேஷ் மேட்டுக்குப் பின்னால் போய் நின்றுதான் பறக்க விடுகிறார். அந்த வட்டத்தின் நடுவில் நிற்பதில்லை, ஒரு பாதியில் ஒதுங்கி நிற்கிறார். ட்ரோன் இறங்கும்போது ஓரடி பின்வாங்குகிறார்.

"இவ்வளவு இடம் கெடக்கு, எதுக்குடா பின்னாடி போற?" என்று கேட்டார் தோக்தோசுன்.

"ரெண்டு பேரும் வெலகினாத்தாண்ணே அதுக்கு எடம் பத்துது."