வீட்டுக்காரம்மாவின் மகள்

என் அக்கா கணவர் வீட்டுத் தரகர். இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு வீடு பார்த்துக் கொடுத்தது தான்தான் என்று சொல்லிக்கொள்வார். மீதிப் பாதியைக் கிளப்பியதும் அவர்தான். அதை அவர் சொல்ல மாட்டார் என்பதால் நான் சொல்கிறேன்.

முன்பெல்லாம் எங்கள் தெருவில் பஸ் ஓட்டுநர், தையல்காரர், ஆஸ்பத்திரி ஆயா என்று கைக்கும் வாய்க்குமாகப் பிழைப்பவர்கள்தான் குடியிருந்தார்கள். தெருமுனையில் மெட்ரோ ரயில் நிலையம் வந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கூட்டமும் பின்னாலேயே வந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய ஆட்களைக் கிளப்ப ஒரு வழி கண்டுபிடித்தார். வாடகையை ஏற்றினால் சண்டைக்கு வருவார்கள், சும்மா காலி செய்யச் சொன்னால் காரணம் கேட்பார்கள். மகள் வருகிறாள் என்றால் எவன் வாய் திறப்பான்? வீட்டுக்காரர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்துவார்.

"பொண்ணு குடும்பத்தோட இங்கயே வந்துடுறா, வீடு வேணும். அவ்வளவுதான். சொல்றப்போ சிரிச்சுடாதீங்க, கொஞ்சம் வருத்தமா சொல்லுங்க."

இப்படி வந்து சேர்ந்த மகள்களை வைத்து ஒரு பெண்கள் பள்ளியே நடத்தலாம்.

அக்கா வீடு மாடியில். கீழே தையல்காரர் குடும்பம். இரண்டுக்கும் சொந்தக்காரம்மா அடுத்த கட்டடத்தில் தனியாக இருக்கிறார். தையல்காரரைக் கிளப்பும் நாள் வந்தபோது அந்தம்மாவே தயங்கினார்.

"எனக்கு ஏதுப்பா பொண்ணு? புள்ளகுட்டியே இல்லன்னு அவருக்குத் தெரியுமே."

"தெரிஞ்சா என்னம்மா? முகத்துக்கு நேரா கேக்கவா போறாரு?"

தையல்காரர் கேட்கவில்லை. அந்தம்மா சொன்னதைத் தலைகுனிந்து கேட்டுவிட்டு, மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நல்ல மனிதர்களிடம் இந்த ஆளுக்கு எப்போதும் வெற்றிதான்.

அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு விடிவதற்கு முன்பே வேலை. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இந்த வீடு போனால் வேலையும் போய்விடும்.

"நாமளும் வாடகைக்குத்தாங்க இருக்கோம்," என்றாள்.

"என்னை எவன் கிளப்புவான்? இவங்களுக்கெல்லாம் நான் வலது கை." இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டார் வலது கை.

கீழ் வீட்டில் சுவரெல்லாம் ஈரம் பூத்துக் கிடந்தது. அதைக் காட்டினால் யார் வருவார்கள்? எனவே வருகிறவர்களை மாடிக்கு அழைத்துவந்து தன் வீட்டையே காட்டினார். "கீழயும் இதே அமைப்புதான் சார். வெள்ளையடிச்சா அப்படியே இதுமாதிரி." ஒவ்வொரு முறையும் அக்கா ஈரத்துணியைக் கட்டிலுக்கு அடியில் திணித்து, கரி படிந்த சட்டியை ஒளித்துவைத்து, சொந்த வீட்டில் விருந்தாளிபோல ஓரமாக நிற்பாள். ஜன்னலில் மஞ்சள் திரைச்சீலை. போவதற்கு முந்தின வாரம் தையல்காரர் தைத்துக் கொடுத்தது.

ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் திரையை மெச்சினாள், விலக்கிப் பார்த்து வெளிச்சத்தையும் மெச்சினாள். கீழே எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக அடுத்த கட்டடத்துக்கு, வீட்டுக்காரம்மாவைப் பார்க்கப் போனார்கள்.

"விழுந்துட்டாங்க," என்று கையைத் தேய்த்துக்கொண்டார் மாமா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். வீட்டுக்காரம்மா படியேறி வந்தார். உட்காரவில்லை.

"பொண்ணு குடும்பத்தோட இங்கயே வந்துடுறா. வீடு வேணும்."

சிரிக்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"அந்தத் திரைச்சீலையை மட்டும் கழட்டிடாதீங்க. அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

மாமா சரி என்று தலையாட்டினார். தையல்காரராவது நல்ல மனிதர் என்பதால் கேட்காமல் போனார்; இவர் தான் சொல்லிக்கொடுத்த பொய்க்கே தலையாட்டினார்.

செருப்புச் சத்தம் கீழே இறங்கியதும் அக்கா கேட்டாள்: "அந்தம்மாவுக்கு ஏதுங்க பொண்ணு?"

"ஒரு இடத்துலகூடத் தடுமாறல, பாத்தியா?" என்றார் மாமா. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முகத்தில் பெருமை இருந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது.

அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறித் திரைச்சீலையைக் கழற்றினாள். மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"தம்பி, தையல்காரர் இப்ப எங்க இருக்காருன்னு விசாரி. அந்தப் பக்கம் நமக்கு ஏதாவது வீடு கிடைக்குமான்னு அவரையே கேளு."

வீட்டுத் தரகர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவரிடம் அவள் கேட்கவில்லை.