ஆறு வாரம் முடியும் முன் மலையேறிய காது

மருத்துவமனை கொடுத்த தாளில் நான்காவது விதி இது: அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் மலை ஏறக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். தாலுகா அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் மற்றவர்களுக்கு விதிகளைப் படித்துக்காட்டிய நான், அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் வாரமே மீறினேன். முருகன் அடியார்களே, என் துன்பம் அங்கேதான் முற்றியது.

என் இடது காது இளம் வயதிலேயே செத்துவிட்டது. வலது காதுச் சவ்வில் ஓட்டை, மாதக்கணக்கில் சீழ். மிஞ்சியிருந்தது அந்த ஒரு காதுதான். என் மனைவி விசாலத்துக்குப் பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வலது கை எழுதாது. குரல் மூச்சளவுக்குத்தான் வரும். நான் முழுச் செவிடாகிவிட்டால் எங்கள் இருவருக்கும் நடுவில் வழியே இல்லை.

வைகாசியில் மதுரையில் அறுவை நடந்தது. காதுக்குப் பின்னாலிருந்து மெல்லிய சவ்வை எடுத்து ஓட்டையில் ஒட்டினார்கள். கொடைக்கானல் நாயுடுபுரத்து வீட்டில் விசாலத்தை ஓர் உதவிப் பெண்ணிடம் விட்டுவிட்டு, அடிவாரத்தில் கன்னிவாடியில் தங்கை வீட்டில் தங்கினேன். மூன்றாம் வாரம் அந்தப் பெண் போனில் அழைத்தாள். தங்கை கேட்டுவிட்டு என் முகத்துக்கு நேரே வந்து கத்தினாள்.

"அண்ணே, மதினிக்குக் காய்ச்சலாம். ரெண்டு நாளா வாயில ஒண்ணும் வைக்கலையாம்!"

வத்தலக்குண்டில் கொடைக்கானல் பஸ் ஏறினேன். பக்கத்தில் கூக்கால் என்ற மலைக் கிராமத்து விவசாயி ஒருவர். வடுகபட்டிச் சந்தையில் பூண்டு போட்டுவிட்டுத் திரும்புகிறவர். பாதி மலையில் காது அடைத்தது. மலைக்காரர்கள் எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார்: மூக்கைப் பிடித்து, வாயை மூடி ஊதினார். பிறகு என் காதருகே உரக்கச் சொன்னார்.

"நீங்களும் ஒரு ஊது ஊதுங்கண்ணே, வெரசா விட்ரும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் என் விரல்கள் மூக்கில் இருந்தன. அறுபது வருடப் பழக்கம். ஊதிவிட்டேன்.

உள்ளே ஏதோ பிய்ந்தது. காதில் வைத்திருந்த பஞ்சு நனைந்தது. அவர் பதறிப்போய் ஏதோ சொன்னார். வாயசைவு மட்டும் தெரிந்தது.

வீட்டில் விசாலம் என்னைப் பார்த்ததும் உதட்டை அசைத்தாள். என் காதில் எதுவும் விழவில்லை. தண்ணீரா, போர்வையா, மாத்திரையா? ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். இல்லை இல்லை என்று தலையசைத்து ஓய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். அவள் காய்ச்சல் நான்கு நாளில் இறங்கியது. என் காது திரும்பவில்லை.

மதுரை டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார்: "ஓரம் விலகியிருக்கிறது. தானாக ஒட்டலாம். ஒட்டாமலும் போகலாம். காத்திருங்கள்." 'ஆவன செய்யப்படும்' என்று நான் எத்தனை மனுக்களில் எழுதியிருப்பேன்! அதன் பொருள் எனக்குத் தெரியும்.

பிரார்த்தனையையும் அலுவலக மனு எழுதும் முறைப்படியே தொடங்கினேன்: பொருள், பார்வை, வேண்டுகோள். நேர்த்திக்கடன் எதுவும் சொல்லவில்லை. பணியில் வாங்காத லஞ்சத்தைப் பழனியாண்டவனுக்குக் கொடுப்பானேன் என்ற திமிர். ஆனி போயிற்று. ஆடியும் போய்க்கொண்டிருந்தது. மேல்முறையீடு செய்ய அவனுக்கு மேலே ஆளும் இல்லை.

ஆடிக் கடைசியில் ஒரு மாலை விசாலம் ஏதோ கேட்டாள். மூன்று முறை தப்பாகப் புரிந்துகொண்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

"முருகா, தப்பு என்னோடது. விதி தெரிஞ்சும் ஊதினேன். எனக்காக வேண்டாம். அவ பேசுனாக் கேக்க இந்த வீட்டுல ஒரு ஆள் வேணும்."

அதற்கு மேல் எனக்கு எழுதவும் சொல்லவும் தெரியவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில், அடுப்பைப் பார்த்து நின்றபடி வழக்கம்போல் கத்தினேன். "விசாலம், கஞ்சியா, இட்லியா?"

முதுகுக்குப் பின்னால் நூலிழையாக ஒரு குரல். "ஏன் இப்பிடிக் கத்துறீங்க? எனக்குக் காது நல்லாத்தான கேக்குது."

கரண்டியோடு ஓடினேன். "இன்னொரு தடவை சொல்லு."

"செவிட்டு மனுசன்," என்றாள்.

சவ்வு ஒட்டிவிட்டதாக டாக்டர் பிறகு சொன்னார். எதனால் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் நான் முருகனிடம் விதி பேசுவதில்லை, அழுதே கேட்கிறேன். இதைப் படிக்கும் யாரேனும் மனம் உடைந்திருந்தால், தவற்றை மறைக்காமல் அவனிடம் சொல்லுங்கள். பதில் வராத நாளிலும் விடாமல் கேளுங்கள். எனக்கு வந்தது ஆவணி மாதம் ஏழாம் தேதி.