முதல் சொல் கன்னடத்தில்

என் மகளுக்கு ஆட்டிசம். ஐந்து வயது வரை அவள் பேசவில்லை. அவள் காதில் ஒரே மொழி விழுந்தால் நல்லது என்று பேச்சுப் பயிற்சி தருபவர் சொன்னார். மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் அது எளிதல்ல. ஒரு பக்கத்து வீட்டில் தெலுங்கு, மறுபக்கம் கன்னடம். இரண்டு வீட்டுக்கும் போய், இவளிடம் தமிழிலேயே பேசும்படி கேட்டுக்கொண்டேன். அவர்களும் தடுமாறியபடி தமிழில் பேசினார்கள்.

ஒருநாள் காலை, கம்பெனி பஸ் வருவதற்குள் அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கையைத் தள்ளிவிட்டு, "பேட" என்றாள். கன்னடத்தில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். நம்பிக்கை வராமல் இன்னொரு வாய் நீட்டினேன். மறுபடியும் சொன்னாள்.

வாசலில் நின்றிருந்த கன்னடக்காரப் பெண்ணுக்கும் அது கேட்டுவிட்டது.

"அக்கா, எம் பையனத் திட்டறப்ப கேட்டிருப்பா. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். அவள் முகம் வாடியிருந்தது.

"எந்த பாஷையா இருந்தா என்ன? பேசிட்டாளே" என்றேன்.

அன்று பஸ்ஸைத் தவறவிட்டேன்.

இப்போது எல்லாவற்றுக்கும் அதையேதான் சொல்கிறாள். சாப்பாட்டுக்குச் சொன்னால் தட்டை எடுத்துவிடுகிறேன். சீப்பைப் பார்த்துச் சொன்னால் மட்டும் கேட்பதில்லை; தலையை வாரித்தான் பள்ளிக்கு அனுப்புகிறேன்.