சுத்தமாக இருந்த அலைவரிசை

எனக்கும் என் மச்சானுக்கும் வருடக்கணக்காக ஒரே சண்டை. ரேடியோவில் வரும் இரைச்சலை வடிகட்ட வேண்டியது காதா, கம்ப்யூட்டரா என்று. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கடலூர் செம்மண்டலத்தில் அப்பாவோடு இருந்தான். நாங்கள் சிதம்பரத்தில். 2004-இல் கடல் ஊருக்குள் புகுந்தபோது, அமெச்சூர் ரேடியோக்காரர்கள் சிலர் ஏரியல் கட்டிச் செய்தி அனுப்பியதை இருவரும் பக்கத்தில் நின்று பார்த்தோம். பிறகு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினோம். குட்டையும் நெட்டையுமான ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் மோர்ஸில் அவன் விழுந்தான், நான் கம்ப்யூட்டரில் விழுந்தேன்.

ரிசீவரின் சத்தத்தை ஒரு வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் விட்டு, எண்களாக்கி, வேண்டாததைக் கழித்து, மிச்சத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும் புரோகிராம் ஒன்றை நானே எழுதினேன். அதில் நான் பீற்றிக்கொண்ட பகுதிக்கு 'விசில்வெட்டி' என்று பெயர் வைத்திருந்தேன். பேச்சு நொடிக்கு நொடி மாறும். குறுக்கே வரும் விசில் மாறாமல் நிற்கும். எது மாறாமல் நிற்கிறதோ அது குப்பை என்று புரோகிராம் தானே கண்டுபிடித்து வெட்டிவிடும். ஒரே ஒரு சிக்கல். மோர்ஸும் ஒரே சுருதியில் விட்டுவிட்டு வரும் விசில்தான், அதையும் வெட்டிவிடும். 'மோர்ஸ் கேட்கும்போது விசில்வெட்டியை அணைக்கவும்' என்று நானே அட்டையில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டியிருந்தேன்.

"எங்கக்காவையும் அதுல போட்டு எடுங்க மாமா, ஊட்ல சத்தம் கொஞ்சம் கொறையும்" என்பான் மச்சான். அவள் கையில் கிடைத்ததை எடுத்து அவனை அடிக்கப் போவாள். அவளுக்கு மோர்ஸ் தெரியாது. ஒரே ஒரு சொல் மட்டும் தெரியும். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தெருமுனையிலிருந்தே வண்டி ஹாரனில் அவன் அடிக்கும் சொல். டிடா, டாடிடா, டாடிடா, டிடா. ஆங்கில எழுத்தில் 'அக்கா'. அது கேட்டதும் அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டுக் கேட்டைத் திறக்க ஓடுவாள்.

2011 கடைசியில் புயல் வந்தது. சிதம்பரம் ஓரளவு தப்பித்தது, கடலூரைப் புரட்டிப் போட்டுவிட்டது. கரண்ட் இல்லை, செல்போன் இல்லை, ரோடு முழுக்க மரம். அன்று மாலை நாலு மணிக்கு மச்சான் ரேடியோவில் வந்துவிட்டான். "கூர எல்லாம் பறந்துடுச்சு மாமா. அப்பாவுக்குத்தான் மூச்சு எளைக்குது. பேட்டரி எறங்குது. தெனம் காலைல ஒம்போது, சாயங்காலம் நாலு, இதே அலைவரிசைல கேளுங்க. ஏதாச்சும்னா நான் கூப்பிடுறேன்." என் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே புறப்படலாம் என்றாள். மரங்களைச் சுற்றிக்கொண்டு பைக்கில் போயிருக்கலாம், சிலர் போகத்தான் செய்தார்கள். "அவன் கூப்பிட்டா போவலாம். ஒன்னுமில்லாததுக்கு ஏன் அலையணும்?" என்றேன். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் வந்த நாளிலிருந்து ரிசீவரில் ஒரு விசில், காதைக் குடைந்தது. விசில்வெட்டியைப் போட்டேன். உடனே அடங்கியது. லேப்டாப்பின் சார்ஜை மிச்சம் பிடிக்கத் திரையையும் அணைத்துவிட்டேன். அரை மணி நேரம் கேட்டேன். அங்கங்கே டக் டக் என்று ஏதோ கேட்டது, எங்கோ மழைமேகத்தில் மின்னல் என்று விட்டுவிட்டேன். மைக்கில் சொன்னேன்: "அலைவரிசை சுத்தமா இருக்கு மச்சான். ஒன்னும் கேக்கல. நல்லா இருக்கீங்கன்னு எடுத்துக்குறேன்." மாலையிலும் அதேதான்.

"என்ன சொல்றான்?" என்று அவள் இரண்டு முறையும் கேட்டாள். "ஒன்னும் சொல்லல. அப்போ நல்லாத்தான் இருக்காங்க" என்று இரண்டு முறையும் சொன்னேன். அந்த அட்டை என் மூக்குக்கு நேரே ஒட்டியிருந்தது. பேச்சை எதிர்பார்த்தவனுக்கு மோர்ஸ் நினைப்பே வரவில்லை. எனக்கு அவ்வளவு தலைக்கனம்.

மூன்றாம் நாள் பத்து மணி வாக்கில் வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. ஹாரன் இல்லை. மச்சான் மொட்டைத் தலையோடு உள்ளே வந்தான். அந்தத் தலையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போயிட்டாருக்கா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம்னா பொண்ணு வரட்டும், பொண்ணு வரட்டும்னே அடம். ஐஸ் பெட்டிக்கு கரண்ட் ஏது? இன்னும் வெச்சிருக்க முடியாதுன்னுட்டாங்க. விடியக்காலைலயே எடுத்துட்டோம்." பிறகு என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. "பேட்டரில பேசுற அளவுக்குப் பவர் இல்ல மாமா. சின்ன செட்டுல மோர்ஸ்லதான் அடிச்சேன். காலைலயும் அடிச்சேன், சாயங்காலமும் அடிச்சேன். நீங்க பேசுனது தெளிவா கேட்டுச்சு. சுத்தமா இருக்குன்னு சொன்னீங்க."

வடிகட்டுவதற்கு முன் வரும் சத்தத்தை முழுதாகப் பதிவு செய்து வைப்பது என் வழக்கம், புரோகிராமைத் திருத்தும்போது உதவும் என்று. நான் எப்போதோ சொன்னது அவள் நினைவில் இருந்தது. "அதப் போடுங்க" என்றாள். வேண்டாம் என்றேன். மறுபடியும் "போடுங்க" என்றாள்.

போட்டேன். ஜெனரேட்டர் விசில் வந்தது. அதற்கடியில், மெலிதாக, இன்னொரு சுருதி. ஆங்கில எழுத்தில் 'அப்பா கேக்குறார் வா' என்று வந்ததை நான் மட்டும் எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது எதுவும் புரியவில்லை, முகத்தைச் சுருக்கிக் கேட்டாள். பிறகு அது வந்தது. டிடா, டாடிடா, டாடிடா, டிடா.

அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து, கேட்டைத் திறக்க இரண்டு எட்டு வைத்துவிட்டாள். அப்புறம்தான் எதிரே உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்து நின்றாள்.