அட்டைக் களிம்புக்கு முதல் ஆள்

உடம்பில் இரத்தம் ஓடுகிற எல்லோரும் என் களிம்பை வாங்குவார்கள் என்று நம்பினேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். அட்டை கடிக்கிற மலையில் அட்டைக் களிம்பு. யாருக்கு முதலில் விற்பது என்று யோசிக்க இதில் என்ன இருக்கிறது? அட்டை ஆள் பார்த்தா கடிக்கிறது?

கேரளம் என்று ஒரு மாநிலம் பிறக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பாலக்காட்டில் என் மாமனாருக்குப் புளி மண்டி. கல்லாவுக்கு இடது பக்கம் கிடந்த முக்காலி எனக்குத்தான் என்று நிக்காஹ் முடிந்த வாரமே சொல்லிவிட்டார். எனக்கு முன் அதில் உட்கார்ந்திருந்தவர் மூத்த மருமகன். நன்றாகப் பாடக்கூடிய மனுஷர். ஏழு வருடம் அங்கே உட்கார்ந்த பிறகு, கேட்டாலும் தலையாட்டுவார், கேட்காவிட்டாலும் தலையாட்டுவார்.

அதிலிருந்து தப்பத்தான் களிம்பு. புகையிலையை விளக்கெண்ணெயில் காய்ச்சி, சுண்ணாம்பும் தேன்மெழுகும் சேர்த்துத் தகர டப்பிகளில் ஊற்றினேன். வீடு நாறியது. மாமனார் மூக்கைப் பொத்திக்கொண்டே தவணை கொடுத்தார்.

“பத்து நாளு தர்றேன் மாப்ளே. அத்தனையும் வித்துட்டு வந்தா உங்க இஷ்டம். ஒரு டப்பி மிஞ்சினாலும் பேசாம மண்டிக்கு வந்துடணும்.”

ஆனி மழையில் போடிமெட்டு ஏறி உடும்பஞ்சோலையில் இறங்கினேன். அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த அத்தை மகன், எனக்கு மச்சான் முறை, கடைக்குப் பின்னால் ஏலக்காய்ச் சாக்குகளுக்கு நடுவே படுக்க இடம் கொடுத்தார். மறுநாளே மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. முன்னால் அட்டை, பின்னால் மாமனார், நடுவில் நான்.

முதலில் துரைமாரைப் பிடிப்போம் என்று கிளம்பினேன். துரை பூசினால் கங்காணி பூசுவான், கங்காணி பூசினால் கூலியாட்கள் குடியிருக்கும் லயமே பூசும் என்பது என் நினைப்பு. எஸ்டேட் சின்னத்துரை என்னை வராந்தாவுக்குக் கீழேயே நிறுத்திவிட்டுத் தன் காலைத் தூக்கிக் காட்டினார். முழங்கால் வரை பூட்ஸ், அதற்குள் கெட்டித் துணியில் தைத்த அட்டை மேஜோடு. குனிந்து என் காலைப் பார்த்தேன். நான்கு அட்டைகள். பதற்றத்தில் என் சரக்கை நானே பூச மறந்திருந்தேன்.

அடுத்த நாள் ஏலத்தோட்டத்தில் களை வெட்டும் பெண்களிடம் போனேன். ஒரு நடுவயதுப் பெண் டப்பியை வாங்கி மோந்து பார்த்தாள். பிறகு தன் கணுக்காலில் ஏறிக்கொண்டிருந்த அட்டையின் மேல் குனிந்து, வெற்றிலைச் சாற்றைக் குறி தவறாமல் துப்பினாள். அட்டை சுருண்டு விழுந்தது.

“பொகையில, சுண்ணாம்பு. எங்க வாயிலயே கெடக்கே ராவுத்தரே. இதுக்குப் போயி டப்பி எதுக்கு?”

மற்றவர்கள் சிரித்தார்கள். வேறு வழி தெரியாமல் நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் சாக்குகளுக்கு நடுவே கிடந்தேன். பஸ் ஓடுகிறதா என்று மச்சானை நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டேன். ஓடினால் மாமனாரிடம் போக வேண்டும், ஓடாவிட்டால் இங்கேயே கிடக்க வேண்டும். எந்தப் பதிலுக்கு ஆசைப்பட்டேன் என்று எனக்கே தெரியாது. என் தொல்லை தாங்காமல் அவர் தராசைக் கீழே வைத்தார்.

“தொரைக்கு பூட்ஸு இருக்கு. பொம்பளையாளுக்கு வெத்தல இருக்கு. ரெண்டும் இல்லாதவங்க யாருன்னு பாருங்களேன் மச்சான்.”

யாரென்றும் அவரே சொன்னார். மேல் லயத்து வேதக்காரர்கள். அவர்கள் சபையில் வெற்றிலையும் புகையிலையும் விலக்கு. காலில் உப்புத்துணிதான் கட்டிக்கொள்வார்கள், மழை அதைக் கரைத்துவிடும். அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கப் போனேன். விலகிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை டப்பிகளோடு அவர்களுடைய ஜெபவீட்டுக்குப் போனேன். தகரக்கூரையில் மழை கொட்டியது. உபதேசியார் என்னை உள்ளே அழைத்துப் பின்வரிசையில் உட்கார வைத்தார். ஆராதனை முடிந்ததும் பேசச் சொன்னார். பேசினேன். எல்லோரும் தலையசைத்தார்கள். அப்போது அவர், சும்மாதான், கேட்டார்:

“என்னவெல்லாம் போட்டிருக்கீரு?”

புகையிலை விலக்கு என்பதால் இவர்களிடம் வந்த எனக்கு, டப்பிக்குள் இருப்பது புகையிலை என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. எழுந்து ஓடலாமென்றால் எனக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சபையே உட்கார்ந்திருந்தது. விளக்கெண்ணெய் என்றேன். தேன்மெழுகு என்றேன். சுண்ணாம்பு என்றேன். மறுபடியும் விளக்கெண்ணெய் என்றேன்.

“எண்ணெய ரெண்டு தடவ சொல்லிட்டீரே.”

“பொகையில,” என்றேன். நேர்மையால் அல்ல. பொய் சொல்ல வாயில் எச்சில் இல்லை.

அவர் டப்பியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். கொண்டுபோனவர் எடுக்கவில்லை. கண்கள் தாமாக மூடின. சபை காத்திருந்தது. பிறகு சட்டென்று மூடி, தன் கைக்கு எட்டாத தூரத்துக்கு அதைத் தள்ளிவிட்டார்.

“நான் விட்டு பத்து வருசமாச்சு,” என்றார். “காலுல பூசுறது பாவமில்ல. ஆனா பூசுன கை வாய்க்குப் போவ எம்புட்டு நேரம் ஆவும்? பொகையிலைய ஒரு தடவகூட வாயில வைக்காதவங்க மட்டும் வாங்கிக்கிடலாம். அவங்க எந்திரிங்க.”

அந்தச் சபையில் அநேகமாக எல்லோரும் விட்டவர்கள். ஒரு பெரியவர் மெல்ல எழுந்தார். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கடைசியில் நின்றவர்கள் கலியாணமாகாத பெண்பிள்ளைகள் ஏழு பேர்.

ஏழு டப்பி விற்றது. செவ்வாய்க்கிழமை பாதையைத் திறந்தார்கள். மீதியைச் சுமந்துகொண்டு பாலக்காடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை மாமனாரின் மண்டிக்கு வேலைக்குப் போனேன். பதினெட்டு வருடம் போனேன்.