பேச்சியம்மாவின் டின்னில் ஒரு பக்கம்

சுமனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். நுவரெலியாவில் ஒரு நெட் கடையில் வேலை. ஒழுகும் குழாயைக் கண்டாலே கை துறுதுறுக்கும். அப்படிப்பட்டவன் கண்ணில் 2007இல் அந்தக் கோளாறு பட்டுத் தொலைத்தது.

உலகெங்கும் பலர் சேர்ந்து இலவசமாக எழுதும் ஒரு கணினி மொழி. அதன் மூலநிரலில் ஆங்காங்கே, "விளக்கத்துக்கு இங்கே பார்க்க" என்று இணைய முகவரிகள். போய்ப் பார்த்தால் பாதிக்குப் பக்கமே இல்லை! சுமன் பொறுப்பானா? அந்தப் பக்கங்கள் இடம்மாறிப் போன புது முகவரிகளைத் தேடித் தேடித் திருத்தி அனுப்பினான்.

ஒன்று மட்டும் எங்கும் அகப்படவில்லை. அவன் தொழில் படித்ததே அந்தப் பக்கத்தை வைத்துத்தான். மொழியைப் பராமரிப்பவர்களைக் கேட்டான். "நாங்கள் எழுதியதுதான். பழைய கணினியோடு போய்விட்டது, பிரதியில்லை. வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பு வருகிறது, அந்த முகவரி இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள்" என்று பதில் வந்தது.

எடுப்பதாவது! "என்னிடம் இருக்கிறது" என்று ஆத்திரத்தில் எழுதிவிட்டான். இருந்தது உண்மைதான். அவன் படித்த காலத்தில் இணையத்துக்கு நிமிடக் கணக்கில் காசு என்பதால், தோட்டத்துப் பிள்ளைகள் டவுனில் பக்கங்களை பிளொப்பித் தகட்டில் இறக்கிவந்து தோட்டத்து வாசிகசாலைக் கொம்பியூட்டரில் ஆற அமரப் படிப்பார்கள். ஆனால் அந்த பிளொப்பி இப்போது எங்கே?

வியாழன் அந்தியில் வீட்டையே தலைகீழாக்கினான். கட்டிலடியில் கிடந்த பிளொப்பிகள் எல்லாம் பூஞ்சணம் பிடித்திருந்தன. மலை ஈரம் எதைத்தான் விட்டது? பக்கமும் போச்சு, சொன்ன சொல்லும் போச்சு என்று தலையிலடித்துக்கொண்டான்.

மலையிலிருந்து வந்து கொழுந்துக் கூடையை இறக்கிய அம்மா பேச்சியம்மா, "ஏன்டா பேய் பிடிச்சவனாட்டம் ஆடுற?" என்றாள்.

சொன்னான்.

"நீ எந்நேரமும் கையில வச்சிருந்தியே, அந்தக் கறுப்புத் தகடா? இந்த நாட்டுப் பிரசாவுரிமைக் காயிதத்தோட டின்னுல கெடக்கு. பெரிய காயிதமாக்கும்னு வச்சேன். ஒத்தக் காயிதம் இல்லாம ஒங்கப்பா எத்தன கவர்மெண்டு கந்தோருக்கு நடந்தாருன்னு எனக்குல்ல தெரியும்!"

மறுநாள் முதல் பஸ்ஸில் டவுனுக்கு ஓடினான். பிளொப்பி கரகரவென்று இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. பக்கம் முழுசாகத் திறந்தது! அனுப்பினான். அவர்கள் அதைப் புது இடத்தில் ஏற்றினார்கள். புதுப் பதிப்பு வருமுன் சுமன் அந்த முகவரியை நிரலில் போட்டான்.

அந்திக்கு வந்து, "இனி உலகமே அதப் பாக்கும்மா" என்றான்.

"பாக்கட்டும்" என்று பேச்சியம்மா கையை நீட்டினாள். "தகட்டக் குடு. ஒருக்கா தொலைச்சவங்கதானே அவங்க? டின்னுலயும் கெடக்கட்டும்."